சாணி வண்டும் ஒரு பாலமும்

காட்டு வேலை போக மிச்ச நேரத்தில் துப்பறியும் கதை படிப்பது என் பழக்கம். அப்படிக் கைக்கு வந்ததுதான் 'சிக் பப்பி'. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துக்காரரான கார்ல் ஹயாசென் எழுதி, 2000-இல் வெளிவந்த ஆங்கில நாவல். 'மயாமி ஹெரால்டு' நாளிதழில் நாற்பது வருடங்களுக்கு மேல் இருந்தவர் அவர். சதுப்பு நிலமெல்லாம் கட்டடமாவதைக் கிட்டே இருந்து பார்த்த கோபத்தைச் சிரிப்பாக்கி எழுதுகிறார்.

பால்மர் ஸ்டோட் ஓர் அரசியல் தரகர். ஆட்சியில் இருப்பவருக்கும் முதலாளிக்கும் நடுவில் பேசி முடித்துக் காசு பார்ப்பவர். ஓடும் காரிலிருந்து குப்பையை வீசுகிறார். அதைப் பார்த்த ட்வில்லி என்ற பணக்கார இளைஞனுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோட் வீட்டுக் காரில் ஒரு லாரிக் குப்பையைக் கொட்டுகிறான். அப்பவும் ஆள் திருந்தலை. அடுத்து, இன்னொரு காருக்குள் சாணி வண்டுகளை விட்டு நிரப்புகிறான்! நமக்கோ சாணி வண்டு கூலி கேட்காத பண்ணையாள். சாணியை மண்ணுக்குள் இழுத்துப் புதைத்து உரமாக்கும். அந்த வண்டைப் பார்த்துத் தரகர் அலறுவதைப் படிச்சுச் சிரிச்சு மாளலை.

சிரிப்புக்கு நடுவே ஒரு தீவு வருகிறது. பெயர் தேரைத் தீவு. மனை விற்பவர்கள் வாங்கியதும் அழகான கடற்பறவையின் பெயரைச் சூட்டுகிறார்கள். தேரைகளைக் காட்டி யாராவது வழக்குப் போட்டால் வம்பு என்று, புல்டோசரால் மண்ணோடு புதைக்கிறார்கள். தீவுக்குப் போக அரசுப் பணத்தில் புதுப் பாலம் வேணும். அதைப் பேசி முடிப்பவர் நம்ம ஸ்டோட்.

பாங்கில் கடன் மனுவைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். எந்தத் திட்டம் வந்தாலும் பணம் யாருது, லாபம் யாருக்கு என்றுதான் முதலில் பார்ப்போம். இங்கே பாலம் மக்கள் வரிப்பணம். ஏறுகிற மனை விலை முதலாளிக்கு. மழைநீரை உறிஞ்சி வைக்கும் ஈரநிலத்துக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூடக் கிடையாது.

விட்டுப்போன அந்த வரி பிறகு செலவாக வரும். அதே ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், வெள்ளத்தை வடிக்க 1948-இல் அரசே பெருந்திட்டம் போட்டுக் கால்வாய் வெட்டியது. கரும்பும் நகரமும் வந்தன. பழைய சதுப்பில் ஏறக்குறையப் பாதிதான் மிச்சம். நாவல் வந்த அதே 2000-இல், மிச்சத்தைக் காப்பாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு திட்டத்தை ஏற்றது. அன்றைய மதிப்பீடு சுமார் 780 கோடி டாலர்! வடிக்க ஒரு செலவு, திரும்ப நனைக்க இன்னொரு செலவு. இரண்டும் மக்கள் தலையில்தான்.

ட்வில்லி செய்வதெல்லாம் கதையில்தான் நடக்கும். நாம செய்தா மறுநாளே வழக்கு, வாய்தா. கைக்காசு உள்ளவனுக்குத்தான் அந்த வீரம் கட்டுபடியாகும். நம்ம கையில் இருப்பது கிராம சபையும் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும். ஊருக்குப் பாலமோ சாலையோ வருதுன்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லை. பணம் யாருது, பக்கத்து நிலத்தை முன்கூட்டியே வாங்கினது யாரு, தண்ணி எந்தப் பக்கம் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆங்கிலம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கெட்ட வார்த்தை நிறைய வரும். அதை மட்டும் விட்டுட்டுச் சொன்னாப் போதும்.