வரி நின்ற இடத்தில் பேருந்தும் நின்றது

பேருந்து எதுவரை போகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்ததைப் பார்ப்போம்.

பேருந்து, ரயில் வசதிக்காக 1 சதவீத விற்பனை வரி விதிக்கலாமா என்று 1971-இல் அங்கே நான்கு மாவட்டங்களில் வாக்கெடுப்பு நடந்தது. ஃபுல்டன், டிகால்ப் ஒப்புக்கொண்டன. வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த கிளேட்டன், குவினெட் மறுத்தன. கறுப்பின மக்கள் தங்கள் பகுதிக்குள் வந்துவிடுவார்கள் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். அட்லாண்டா கறுப்பின மக்களோ சும்மா ஆதரவு தரவில்லை. 'வரி கட்டுகிறோம், கட்டணத்தைக் குறையுங்கள்' என்றார்கள். 40 சென்ட் கட்டணம் 15 சென்ட் ஆனது.

காலப்போக்கில் கிளேட்டனிலும் கறுப்பின மக்களே பெரும்பான்மை ஆனார்கள். 2010-இல் அங்கே ஓடிய உள்ளூர்ப் பேருந்துகளும் பணமில்லை என்று நிறுத்தப்பட்டன. கார் இல்லாதவர்கள் வேலைக்குப் போக வழியின்றித் தவித்தார்கள். 2014-இல் அவர்களே வாக்களித்து அந்த வரியை ஏற்றார்கள். மறு ஆண்டே பேருந்து வந்தது.

நம் ஊராட்சிகளில் வீட்டு வரியை ஊரும் கட்டுகிறது, சேரியும் கட்டுகிறது. சாலை மட்டும் ஊரோடு நின்றால், கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்போம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். எழுதிய பிறகே கையெழுத்துப் போடுவோம்.