ஆள் இல்லாத அறையில் விசிறி எதற்கு?

சேலம்-நாமக்கல் சாலையில் உள்ள ஊர் புதுச்சத்திரம். சித்திரை வெயில் அங்கு சுட்டெரிக்கும். வீட்டுக்கு வீடு மின்சார விசிறி சுற்றும். ஆள் எழுந்து போன அறையிலும் சில வேளை அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

விசிறி அறையைக் குளிர வைப்பதில்லை. உடம்பின் வியர்வையை உலர்த்துகிறது. அதனால்தான் நமக்குக் குளுமை. ஆளே இல்லை என்றால், யாருக்குக் குளுமை?

75 வாட் விசிறி தினமும் 8 மணி நேரம் வீணாகச் சுற்றினால், 2 மாதத்தில் 36 யூனிட் செலவாகும். 2016-ம் ஆண்டில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி அறையே விழுங்கிவிடும்!

ஏ.சி. உள்ள வீடா? புழங்காத அறையின் கதவைச் சாத்தி வையுங்கள். இல்லாவிட்டால் குளிர் அங்கும் பரவும், செலவு கூடும்.

அறையை விட்டு வெளியே வருகிறீர்களா? முதலில் சுவிட்சை அணையுங்கள். மிச்சமாகும் பணம் உங்களுடையது!