சிவப்புப் பக்கம் வந்தால் திரும்பிவிடுங்கள், வராவிட்டால்?

‘உங்கள் வங்கிக் கணக்கு இன்று முடக்கப்படும், உடனே கேஒய்சி புதுப்பியுங்கள்’ என்று ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. பதறிப்போய் அதிலுள்ள லிங்க்கைத் தொட்டால், வங்கியின் பக்கம் திறக்கவில்லை. இது ஆபத்தான தளம், உங்கள் பாஸ்வேர்டைத் திருடக்கூடும் என்று திரை முழுக்கச் சிவப்பாக ஓர் அறிவிப்பு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் என்று பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இந்தத் தடுப்பு இருக்கிறது. இதையெல்லாம் யார் மதிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்கிறார்கள். அதற்குக் கணக்கே இருக்கிறது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனை ஒன்று. அறுபது பேருக்குப் போலி மின்னஞ்சல்கள் அனுப்பினார்கள். அவர்களில் 97 சதவீதம் பேர் ஒன்றிலாவது ஏமாந்தார்கள். மின்னஞ்சலைப் பார்த்தே மோசடியைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் நமக்கு அவ்வளவுதான். ஆனால் பிரவுசர் குறுக்கே வந்து பக்கத்தையே மறைத்தபோது, 79 சதவீதம் பேர் அதன் பேச்சைக் கேட்டார்கள். அன்றைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7இல் சாதுவான வேறு ஓர் எச்சரிக்கையும் இருந்தது. பக்கம் திறந்த பிறகு சின்னப் பெட்டி ஒன்று எட்டிப் பார்க்கும்; நாம் டைப் செய்யத் தொடங்கினால் மறைந்துவிடும். அதற்குச் செவிசாய்த்தவர் ஒரே ஒருவர்தான். இன்றைய எச்சரிக்கைகள் பக்கத்தை முழுசாக மறைப்பதும், ‘பரவாயில்லை, உள்ளே போகிறேன்’ என்னும் வழியை ‘விவரங்கள்’ பட்டனுக்குள் ஒளித்துவைப்பதும் காரணத்தோடுதான்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் நிலைமை மோசமில்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வு, நிஜ வாழ்க்கையில் மக்கள் பார்த்த இரண்டரைக் கோடிக்கும் அதிகமான எச்சரிக்கைகளை ஆராய்ந்தது. பிஷிங், அதாவது போலித் தள எச்சரிக்கையைத் தாண்டிப் போனது ஃபயர்ஃபாக்ஸில் சுமார் 9 சதவீதம், குரோமில் 18 சதவீதம். ஆனால் அதே குரோமில், ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்பதுபோல் வரும், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையைச் சுமார் 70 சதவீத முறை தாண்டிப் போயிருந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்? ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சான்றிதழ் எச்சரிக்கை நேர்மையான தளங்களிலும் அடிக்கடி வரும். கல்லூரியோ அரசு அலுவலகமோ சான்றிதழைப் புதுப்பிக்க மறந்தாலே போதும். புலி வருது கதையாக, கொஞ்ச நாளில் கை தானாகத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறது. சிவப்பு எச்சரிக்கை அரிதாகவே வருகிறது, வந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. அதன் மரியாதை அதனால்தான்.

தப்பே நடக்காது என்றும் இல்லை. 2009 ஜனவரி 31 அன்று, தீங்கான தளங்களின் பட்டியலில் வெறும் ‘/’ கோட்டைக் கைத்தவறுதலாகச் சேர்த்துவிட்டது கூகுள். எல்லா முகவரியிலும் அந்தக் கோடு உண்டே! கொஞ்ச நேரத்துக்கு, தேடல் முடிவில் வந்த தளம் எல்லாமே ஆபத்தானது என்று கூகுள் அறிவித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சம்பவமே இந்த ஏற்பாட்டின் அடிப்படையைக் காட்டிக்கொடுக்கிறது: எச்சரிக்கைக்குப் பின்னால் இருப்பது முக்கியமாக ஒரு பட்டியல். நீங்கள் திறக்கும் முகவரியைச் சங்கேத எண்ணாக மாற்றி, தெரிந்த மோசடித் தளங்களின் பட்டியலோடு பிரவுசர் ஒப்பிடுகிறது. குரோம் பல ஆண்டுகள் அந்தப் பட்டியலை உங்கள் கருவியிலேயே வைத்துக்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துவந்தது. மோசடிக்காரர்கள் அதைவிட வேகம். ஒரு தீய தளத்தின் சராசரி ஆயுள் பத்து நிமிடத்துக்கும் குறைவு என்று கூகுளே 2024இல் சொன்னது; அந்த ஆண்டுதான் அந்தந்த நொடியே சர்வரில் சரிபார்க்கும் முறைக்குக் குரோம் மாறியது. அப்படியும், யாரும் இன்னும் கண்டுபிடிக்காத தளம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. இன்று காலை உருவாக்கிய போலி வங்கித் தளத்தின் முதல் இரைக்கு எச்சரிக்கை வராமலே போகலாம்.

ஆகவே சிவப்பு வந்தால் நம்புங்கள். வராவிட்டால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுச் சின்னத்தையும் பலர் இப்படித்தான் தப்பாக நம்பினார்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதல்ல. திருடனுக்கும் அந்தப் பூட்டு இலவசமாகவே கிடைக்கும். குரோம் 2023இல் அதை எடுத்தேவிட்டது.

இன்னொரு ஆபத்து, போலி எச்சரிக்கை. ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று சத்தத்தோடு ஒரு பக்கம் அலறும். உண்மையான பிரவுசர் எச்சரிக்கை ஒருபோதும் போன் நம்பர் தராது. நம்பர் இருந்தால் அதுவே மோசடி, டேபை மூடிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல், யுபிஐயில் வரும் பணக் கோரிக்கை, போனில் ஓடிபி கேட்கும் குரல் ஆகியவை பிரவுசரின் கண்ணிலேயே படாது.

வங்கி வேலை என்றால் லிங்க்கைத் தொடாமல், முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவால் இந்திய வங்கிகள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிகளுக்கு மாறியிருக்கின்றன. அந்த முடிவைக் கவனியுங்கள். பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமித்திருந்தால், வழக்கமாக அது தானே நிரப்பும் இடத்தில் இன்று நிரப்பவில்லையென்றால் நின்று முகவரியைப் பாருங்கள். பிரவுசர் பார்ப்பது முகவரியை; லோகோவைப் பார்த்து நாம் ஏமாறுவதுபோல் அது ஏமாறாது. இவ்வளவையும் மீறி விவரங்களைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.