ரத்தத்தில் ஒன்றும் இல்லை. விரல் மட்டும் மடங்கவில்லை!

காலை மணி 6. பால் காய்ச்ச வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணால் விரல்களை மடக்க முடியவில்லை. பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலைப் பிடிக்கவும் முடியவில்லை.

டாக்டரிடம் போனாள். ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தது.

"நான் அப்போதே சொன்னேனே! இவளுக்கு ஒன்றும் இல்லை. வேலை செய்யச் சோம்பல்!" என்றார் மாமியார்.

இப்படிப் பேச்சுக் கேட்காத வீடு எத்தனை? வலி ஒரு பக்கம். பழி ஒரு பக்கம்.

"நார்மல்" என்றால் நோயே இல்லை என்று அர்த்தமா? அல்ல. எதைத் தேடினார்களோ, அது அன்றைக்குத் தென்படவில்லை. அவ்வளவுதான்.

ஆட்டு ரத்தம்

முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க "ஆர்.ஏ. பாக்டர்" என்ற ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இதற்கு வழி காட்டியவர் நார்வே நாட்டு டாக்டர் எரிக் வாலர். பக்குவப்படுத்திய செம்மறி ஆட்டு ரத்த அணுக்களோடு, முடக்குவாத நோயாளியின் ரத்த நீரைச் சேர்த்தார். அணுக்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டன! இதை அவர் 1940-ம் ஆண்டில் வெளியிட்டார்.

நல்ல பரிசோதனைதான். ஆனால் முடக்குவாதம் உள்ள 100 பேரில் சுமார் 20 முதல் 30 பேருக்கு இதில் ஒன்றும் தெரியாது. நோய் தொடங்கிய புதிதில் தெரியாமல் போவது இன்னும் அதிகம். எக்ஸ்ரேயும் அப்படியே. எலும்பு அரிக்கத் தொடங்கிய பிறகுதான் அது காட்டிக் கொடுக்கும்.

எப்போது வலிக்கிறது?

ரிப்போர்ட் சொல்லாததை வலி வரும் நேரம் சொல்லும்.

காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிக் கிடக்கிறதா? அரை மணி, ஒரு மணி ஆகியும் இளகவில்லையா? வேலை செய்யச் செய்யக் குறைகிறதா? மூட்டுக்குள் அழற்சி இருக்கலாம். நடந்தால் வலித்து, உட்கார்ந்தால் குறைந்தால் தேய்மானமாக இருக்கலாம். இளைஞர் ஒருவர் பின்னிரவில் இடுப்பு வலியால் விழித்து, எழுந்து நடந்தால் சுகம் என்றால் முதுகெலும்பு வாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். அது எக்ஸ்ரேயில் தெரியச் சில வருஷங்கள்கூட ஆகலாம்.

சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கும் வலி தங்கிவிடுவது உண்டு. 2006-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் அது பரவியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல் தவித்தவர்கள் பலர். வைட்டமின் 'டி' குறைவும், தைராய்டு குறைவும் உடம்பை வலிக்கச் செய்யும். அவற்றைத் தனியாகப் பரிசோதித்தால்தான் தெரியும்.

இன்னொன்று பைப்ரோமயால்ஜியா. உடம்பெல்லாம் வலி, சரியாத தூக்கம், ஓயாத களைப்பு. மூட்டு வீங்காது. ரத்தத்தில் எதுவும் தெரியாது. நரம்புகளும் மூளையும் வலியைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. இது நடிப்பு அல்ல. தூக்கத்தைச் சீர்செய்து, சிறுகச் சிறுக நடைப் பயிற்சி செய்தால் பலருக்குக் குறைகிறது.

"ரிப்போர்ட்தான் நார்மல் ஆயிற்றே" என்று மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்குகிறோம். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் வலி பறந்துவிடும். நோய் உள்ளே மறைந்து வளரும். திடீரென்று ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மறுபடியும் டாக்டரிடம்

நம் பெண் என்ன செய்தாள்? மகனுடைய பழைய நோட்டில் 2 வாரம் குறித்து வைத்தாள். "காலை 6 மணி: விரல் மடங்கவில்லை. 7.15: மடங்கியது. இரண்டு கையும்." அதை எடுத்துக்கொண்டு மூட்டு நோய் டாக்டரிடம் போனாள்.

அவர் ஒவ்வொரு விரல் கணுவையும் அழுத்திப் பார்த்தார். வீக்கம் தட்டுப்பட்டது. ஸ்கேனிலும் தெரிந்தது. முடக்குவாதம்தான்!

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தார். "வாரத்தில் ஒரு நாள் மட்டும். தப்பித் தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை நாள். காலண்டரில் அந்தத் தேதிகளுக்கு வட்டம் போட்டு வைப்பவர் மாமியார்.