உஷார்! கையெழுத்துக்கு முன் உங்கள் வக்கீல் எங்கே?

“எல்லாருக்கும் இதே அக்ரிமென்ட்தான் தம்பி. நாளைக்குப் பூஜை. கையெழுத்துப் போட்டுட்டு அட்வான்ஸ வாங்கிக்குங்க.”

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அப்படி வர முடியாவிட்டால், “ஒரு பிரதி கொடுங்க, என் வக்கீல்கிட்ட காட்டிட்டு ரெண்டு நாள்ல வர்றேன்” என்றாவது சொல்லுங்கள். முதல் படத்துக்குக் கதை கொடுப்பவர், முதல் பாட்டு எழுதுபவர், வீட்டு அறையில் மெட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றி லேபிள்காரரின் கண்ணில் பட்டவர், ரியாலிட்டி ஷோவில் தேர்வான குழந்தையின் பெற்றோர் ஆகிய எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரெண்டு சென்ட் மனை வாங்கப் போனால் வில்லங்கச் சான்று எடுக்கிறோம், தாய்ப்பத்திரம் கேட்கிறோம். ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் இன்னும் 60 வருடமும் பணம் தரக்கூடிய ஒரு கதையையோ பாட்டையோ எழுதிக் கொடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பேனாவை எடுக்கிறோம். அந்த 60 வருடக் கணக்கு நம் காப்புரிமைச் சட்டத்தில் இருப்பதுதான்: படைப்பாளியின் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டுகள்.

அந்தத் தாள்களில் என்ன இருக்கும்? உரிமை “நிரந்தரமாக” போகிறது என்று இருக்கும். “பிரபஞ்சம் முழுவதும்” என்று இருக்கும். “இப்போது இருக்கிற, இனி கண்டுபிடிக்கப்படப் போகிற எல்லா ஊடகங்களிலும்” என்று இருக்கும். ரீமேக், டப்பிங், ஓடிடி, இரண்டாம் பாகம், கேம், டி-ஷர்ட் என எல்லாம் ஒரே பத்தியில் அடங்கியிருக்கும். இவற்றையெல்லாம் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட “19(4) பிரிவு இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது” என்ற ஒற்றை வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காப்புரிமைச் சட்டம் 1957இன் அந்தப் பிரிவுப்படி, உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், படம் எடுக்கவே மாட்டார் என்று தெரிந்த பிறகும் உங்கள் கதை அவருடைய பீரோவில்தான் இருக்கும். நீங்கள் வேறு தயாரிப்பாளரிடம் போய் அதைச் சொல்லக்கூட முடியாது. கோடம்பாக்கத்தில் இப்படி முடங்கிக் கிடக்கும் கதைகள் நிறைய.

அதே 19ஆம் பிரிவு இன்னும் இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். ஆகவே “நிரந்தரம்”, “உலகம் முழுவதும்” என்ற சொற்கள் அலங்காரத்துக்கு வந்து உட்காரவில்லை. சட்டம் உங்களுக்குத் தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் அவை எழுதப்படுகின்றன. இதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்க, இதே தாள்களை வருடக்கணக்கில் படித்துப் பேரம் பேசிய வக்கீல் வேண்டும்.

பாட்டு எழுதுபவர்களும் இசையமைப்பாளர்களும் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1977இல் உச்ச நீதிமன்றம், பணம் கொடுத்துப் படத்துக்காகப் பாட்டுப் போடச் சொன்ன தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஒருமுறை வாங்கிய சம்பளத்தோடு ஒதுங்கி நின்றார்கள். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அவர்களுக்காக மாநிலங்களவையில் வாதாடினார். 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று, படத்தோடு சேர்த்துத் தியேட்டரில் ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் உங்கள் பாட்டு பயன்பட்டால், அந்த ராயல்டியில் சமபங்கு உங்களுக்கு. இந்தப் பங்கை வாரிசுகளுக்கோ, வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் நீங்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. பாடகர்களுக்கும் நிகழ்த்துநர் என்ற வகையில் ராயல்டி உரிமை உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் “ராயல்டி உட்பட எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்” என்ற வரி ஒப்பந்தங்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. சட்டப்படி அது செல்லாது. ஆனால் அது செல்லாது என்பது தெரியாதவரிடம் அந்த வரி நன்றாகவே வேலை செய்கிறது. “கையெழுத்துப் போட்டாச்சே, இனி என்ன கேட்பது” என்று அவர் பேசாமல் இருந்துவிடுகிறார்.

கதைக்காரர்களுக்கு ஆபத்து இன்னும் பெரியது. வெறும் கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதி வடித்த விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இலேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, வாய்வழியாகக் கதை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து போனுக்காகக் காத்திருக்கிறோம். ‘சர்கார்’ படக் கதை விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கதை தன்னுடையது என்று சொன்ன வருண் ராஜேந்திரன், தன் ‘செங்கோல்’ கதையை 2007இலேயே எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருந்தார். பாக்யராஜ் தலைமையிலிருந்த சங்கம் அவர் பக்கம் நின்றது. 2018இல் படம் வெளிவருவதற்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. கையில் பதிவு இருந்ததும், நேரத்துக்குள் நீதிமன்றம் போனதும்தான் அவரைக் காப்பாற்றின. மறுபக்கம், 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் கதை தன்னுடையது என்று எழுத்தாளர் ஆரூர் தமிழ்நாடன் தொடுத்த உரிமையியல் வழக்கு 2023இல்தான் முடிவுக்கு வந்தது, அதுவும் தள்ளுபடியாகி. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. ஒரு வழக்கு ஒரு மனிதனின் எத்தனை வருடங்களைத் தின்னும் என்பதைப் பாருங்கள். கதை சொல்லப் போகும் முன் வக்கீலைப் பார்த்தால் ஆகும் செலவு இதன் பக்கத்தில்கூட வராது.

பணம் தரும் விதத்தையும் வக்கீல்தான் பிடிப்பார். கடைசித் தவணை “படம் வெளியாகும்போது” என்று இருக்கும். படம் வெளியாகாவிட்டால்? முழு ஸ்கிரிப்டை ஒப்படைக்கும் நாளோடு அந்தத் தவணையைக் கட்டிப்போட வேண்டும். யாராவது கதைத் திருட்டு என்று வழக்குப் போட்டால் மொத்த நஷ்டத்தையும் எழுத்தாளரே ஏற்க வேண்டும் என்றும் ஒரு பத்தி இருக்கும். இரண்டு லட்சம் வாங்கியவர் படத்தின் மொத்த நஷ்டத்துக்குப் பொறுப்பா? வாங்கிய சம்பளத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று அதற்கு உச்சவரம்பு போடச் சொல்ல வேண்டும். தகராறு வந்தால் நடுவரை அவர்களே நியமிப்பார்கள், விசாரணை மும்பையில் என்று இருக்கும். முடிவில் ஆதாயம் உள்ளவர் தன்னிச்சையாக நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் இந்த வரி போகவில்லை. டைட்டில் கார்டில் பெயர் எங்கே, எந்த அளவில், தனியாகவா கூட்டமாகவா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி வக்கீல் விஷயத்திலும் உஷார். தயாரிப்பு நிறுவனத்தின் வக்கீல் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் உங்கள் வக்கீல் அல்ல. “எங்க லாயரே பார்த்துட்டார்” என்பது உங்களுக்கு உதவாத சேதி. வக்கீலாக இருக்கும் உங்கள் சித்தப்பா நிலத் தகராறில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் ஆடியோ ரைட்ஸ் தாளில் அவருக்கு எது வழக்கம், எது அநியாயம் என்று தெரியாது. இந்தத் துறையில் என்னென்ன ஒப்பந்தங்கள் போட்டுக் கொடுத்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கு எப்போதாவது வேலை செய்தீர்களா என்றும் கேளுங்கள். நல்ல வக்கீல் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டாலே அவர் நடத்தும் வழக்குகள் தெரியும். ஃபீஸை எழுத்தில் கேளுங்கள். “ஜெயிச்சா வர்றதுல இருபது சதவீதம் கொடுங்க, இப்ப ஒண்ணும் வேண்டாம்” என்பவரைத் தவிர்த்துவிடுங்கள். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விதியை மீறித் தொடங்குகிறவர் நாளை உங்களுக்காக எதைக் காப்பாற்றுவார்?

பணமில்லை என்று இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஒப்பந்தத்தைப் படித்துக் குறிப்பெழுதித் தர மட்டும் தனி ஃபீஸ் வாங்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸ் தொகையில் ஒரு பங்கை அதற்கென்று முன்கூட்டியே ஒதுக்குங்கள். உங்கள் சங்கத்தில் மூத்தவர்களிடம் யாரை வைத்துப் பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். கதையைச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். காப்புரிமைப் பதிவகத்திலும் பதிவு செய்யுங்கள்.

குழந்தையை ஷோவுக்கு அனுப்பும் பெற்றோரே, பதினெட்டு வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால்தான் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். குழந்தையின் குரலும் முகமும் எத்தனை வருடத்துக்கு யாரிடம் போகின்றன என்று ஒரு வக்கீல் படித்துச் சொல்லும்வரை அந்தப் பேனாவைத் தொடாதீர்கள்.

இன்றோ நாளையோ உங்கள் முன் ஒரு கட்டுத் தாள் வரும். பிரதி கேளுங்கள். வக்கீலிடம் காட்ட இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த இரண்டு நாளைக்கூடத் தர மறுக்கிறவரோடு எந்த ஒப்பந்தமும் வேண்டாம்.