ஊசிக்குப் பிறகு உடம்புக்கு ஏதும் செய்தால் சொல்லிப் பதிய வையுங்கள்

2024 மே மாதம் அஸ்ட்ராசெனெகா கம்பனி தனது கொவிட் தடுப்பூசியை உலகச் சந்தையிலிருந்து மீளப் பெற்றது. அதற்குச் சற்று முன்னர்தான், அந்த ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறையக்கூடும் என்று கம்பனியே பிரித்தானிய நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வெளியாகியிருந்தது. இரண்டு செய்திகளும் ஒன்றாகக் கலந்து, மன்னாரின் கரையோரத்து எங்கள் அரிப்புக் கிராமத்தில் கையில் ஃபோன் இருந்த எல்லாரிடமும் வந்து சேர்ந்தன. "எங்களுக்குப் போட்டதும் அதுதானோ?" என்று என்னிடமும் பலர் கேட்டார்கள். ஊசி போட்டு அப்போதே மூன்று வருடமாகியிருந்தது. ஆனாலும் தங்களுக்குப் போட்டது எந்த ஊசி என்றே பலருக்குத் தெரியவில்லை.

விடை கொவிட் தடுப்பூசி அட்டையில் இருக்கிறது. ஊசியின் பெயர், போட்ட திகதி, தொகுதி இலக்கம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். பலரது அட்டை உப்புக்காற்றிலும் வியர்வையிலும் ஊறி எழுத்து அழிந்துபோனது. சிலர் கொவிட் முடிந்ததென்று எறிந்தும் விட்டார்கள். இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இலங்கையில் முதல் ஊசி 2021 ஜனவரி 29ஆம் திகதி போடப்பட்டது. அதற்கு முந்தின நாள் இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கொவிஷீல்ட் வந்திறங்கியிருந்தது. கொவிஷீல்ட் என்பது அஸ்ட்ராசெனெகா ஊசியேதான், இந்தியாவில் தயாரித்தது. பிறகு சினோபார்ம், ஸ்புட்னிக், பைசர், மொடேர்னா என்று வரிசையாக வந்தன. நாட்டில் ஆகக் கூடுதலான பேருக்குப் போட்டது சினோபார்ம். அஸ்ட்ராசெனெகா பற்றிய செய்திக்கும் சினோபார்ம் போட்டவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதைத் தெரியாமலேயே எத்தனையோ பேர் இரவு நித்திரை கெட்டார்கள்.

அஸ்ட்ராசெனெகா போட்டவர்களும் இப்போது பயப்படத் தேவையில்லை. அந்த இரத்த உறைவு ஊசி போட்ட நாலாம் நாளிலிருந்து ஏறத்தாழ ஆறு கிழமைக்குள் வருவது. இலட்சம் பேரில் ஒருவர், இருவர் என்ற அளவில், இளவயதினரிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. வருடங்கள் கழித்து வருகிற நோயல்ல. ஆனால் நடக்கவே இல்லை என்று மறைக்கவும் கூடாது. 2021 ஏப்ரலில், இலங்கையில் ஆறு பேருக்கு இப்படி இரத்தம் உறைந்ததாகவும் அவர்களில் மூவர் இறந்ததாகவும் அப்போதைய சுகாதார அமைச்சரே பாராளுமன்றத்தில் அறிவித்தார். கடுந் தலையிடி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், விடாத வயிற்று நோவு, ஒரு கால் மட்டும் வீங்குதல், ஊசி போட்ட இடம் தவிர வேறு இடங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை அதன் அறிகுறிகள். இந்தப் பட்டியலை ஊசி போடும் இடத்திலேயே தமிழில் ஒட்டியிருக்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. சொல்லாமல் விடுவது, அவர் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போவதைத் தடுப்பதற்குச் சமம்.

பெரும்பாலானவர்களுக்கு நடந்தது இவ்வளவுதான்: அன்றிரவு குளிர்காய்ச்சல், உடம்பு உழைவு, தலையிடி, அடுத்த நாள் ஊசி போட்ட கையைத் தூக்க ஏலாத நோவு. எனக்கும் அப்படித்தான். பனடோலோடு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் கரைவலை இழுக்கிற கைக்கு இரண்டு நாள் என்பது சின்ன விஷயமில்லை. கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்கும்போது பாரமெல்லாம் தோளில்தான் விழும். ஊசியும் அதே தோளில்தான். அன்றைய பங்கை விட்டால் அன்றைய உலையில் அரிசி இல்லை. பயத்தினால் மட்டுமல்ல, இந்தக் கணக்கினாலும் ஆட்கள் ஊசிக்குப் பின்நின்றார்கள். தொழில் இல்லாத நாளைப் பார்த்து ஊசி போட ஒழுங்கு செய்திருந்தால் பாதி மறுப்பு இருந்திராது.

பெண்கள் ஒரு விஷயத்தை வெளியே சொல்லவேயில்லை. ஊசிக்குப் பின் மாதவிடாய் பிந்துவதும் உதிரப்போக்கு கூடுவதும் உண்மையாகவே நடந்தன. மாதவிடாய் பிந்துவது பெரும்பாலும் ஓரிரு நாள்தான், அடுத்த சுற்றுகளில் சரியாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டின. பைசர், மொடேர்னா ஊசிகளின் பக்க விளைவுப் பட்டியலில் கூடுதலான உதிரப்போக்கைச் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகவரகம் பரிந்துரைத்தது 2022 ஒக்டோபரில்தான். அதுவரை "எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பப்பட்ட பெண்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்கள் விடாமல் சொன்னதால்தான் அது ஏட்டில் ஏறியது.

உடனடி ஆபத்து வேறு. கடும் ஒவ்வாமை வந்தால் அநேகமாக முதல் அரை மணித்தியாலத்துக்குள் வரும். உடம்பு தடித்துச் சொறியும், தொண்டை இறுகும், மயக்கம் வரும். தொடையில் உடனே அட்ரினலின் போட்டால் உயிர் தப்பும். ஊசி போட்டபின் இருத்தி வைப்பது இதற்காகத்தான். வள்ளத்துக்கு நேரமாகிறதென்று எழும்பி ஓடாதீர்கள். 2009 ஜனவரியில் மாத்தறையில் ருபெல்லா ஊசி போட்ட பாடசாலை மாணவி ஒருவர் இறந்தது இந்த நாட்டில் எல்லாரையும் உலுக்கியது. இன்னொரு ஆபத்தும் உண்டு: பைசர், மொடேர்னா போட்ட இளைஞர்களில் மிகச் சிலருக்கு, கூடுதலாக இரண்டாம் ஊசிக்குப் பிறகு ஒரு கிழமைக்குள், இதயத் தசை அழற்சி வந்தது. பெரும்பாலானவர்கள் சுகமானார்கள். நெஞ்சு நோவோ படபடப்போ இருந்தால் அன்று வலை இழுக்கவே கூடாது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஊசிக்குப் பின்னால் நடந்ததெல்லாம் ஊசியால் நடந்ததல்ல என்பதும் உண்மை. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் கோவாக்சின் போட்டார். 17ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். அந்தச் செய்தி பாக்கு நீரிணையைத் தாண்டி எங்கள் கரைக்கும் வந்தது. அவருக்கு இரத்த அழுத்தம் இருந்ததாகவும், மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றும் இந்தியாவின் தேசியக் குழு ஒக்டோபரில் அறிக்கை கொடுத்தது. அதற்குள் ஆறு மாதம் போய்விட்டது. விசாரணை முடிவு பிந்தினால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். எங்கள் முசலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னொரு காயமும் இருந்தது. 2020 மார்ச் கடைசியிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட் சடலங்களைக் கட்டாயமாக எரித்த அரசை, அதே அரசு கொடுக்கிற ஊசிக்காக உடனே நம்பு என்றால் எப்படி நம்புவார்கள்?

இனி, சொல்வது எங்கே, எப்படி என்று பார்ப்போம். தடுப்பூசிக்குப் பின் வரும் உபாதைகளைப் பதியும் முறை இலங்கையில் 1996 முதல் உண்டு. உங்கள் ஊர்க் குடும்ப நல உத்தியோகத்தரிடம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) அல்லது சிலாவத்துறை, மன்னார் ஆஸ்பத்திரிகளில் வைத்தியரிடம் சொல்லலாம். அது சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனை வழியாகக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். "இது சாதாரணம், வீட்ட போங்கோ அம்மா" என்று யாரும் சொன்னால், "சரி மிஸ், ஆனா ஒருக்கா பதிஞ்சு விடுங்கோ" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களென்றால் நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் காட் வாங்காமல் வெளிக்கிடாதீர்கள். ஊசி போட்ட திகதியும் ஊசியின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஒருவர் திடீரென்று இறந்துவிட்டால் துக்கத்தோடு துக்கமாகப் பிரேத பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். அடக்கம் செய்தபின் காரணத்தை நிறுவுவது மிகவும் கஷ்டம்.

தொகுதி இலக்கத்தின் பெறுமதி இழப்பீடு கேட்கும்போதுதான் தெரியும். பல நாடுகளுக்கு ஊசி பகிர்ந்தளித்த கோவக்ஸ் திட்டம் 92 நாடுகளுக்கு, யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீட்டு ஏற்பாடொன்றை 2021இல் தொடங்கியது. நிரந்தரப் பாதிப்புக்கும் மரணத்துக்கும் அது பொருந்தியது. இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கோவக்ஸ் வழியாக வந்த ஊசிக்கு மட்டும்தான், அதுவும் காலக்கெடுவுக்குள். 2021 மார்ச் 7இல் வந்த 2,64,000 அஸ்ட்ராசெனெகா கோவக்ஸ் வழியாக வந்தது. ஜனவரியில் இந்தியா தந்த 5 இலட்சம் அப்படியல்ல. ஒரே மருந்து, ஒரே பெயர், ஆனால் ஒருவருக்குக் கதவு திறக்கும், மற்றவருக்குத் திறக்காது. பிரித்தானியாவில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு 1,20,000 பவுண் கொடுக்கும் அரச திட்டம் இருக்கிறது. அங்கிருக்கிற எங்கள் உறவுகளுக்கு அது பொருந்தும். இங்கே அரசுக்கென்று அப்படியொரு திட்டம் இல்லை. ஊருக்காகக் கை நீட்டி ஊசி போட்டவர்களில் அரிதாக ஒருவர் பாதிக்கப்பட்டால், அவரைத் தாங்குவதும் அந்த ஊரின் கடன்தான். சட்டமாக்கும்படி கேட்க வேண்டிய விஷயம் இது.

அட்டை தொலைந்தவர்கள் முதலில் எம்.ஓ.எச். பணிமனையில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இல்லையென்றால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு. ஒவ்வாமை இருக்கிறதென்று சொல்லியும் கேளாமல் போட்டது, மயங்கியவரைக் கவனியாமல் விட்டது போன்ற கவனக்குறைவுக்கு நட்டஈட்டு வழக்குப் போட இரண்டு வருடம் வரைதான் இடமுண்டு. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். போகும்போது அட்டை, டயக்னோசிஸ் காட், முறைப்பாட்டுப் பிரதி மூன்றையும் கொண்டுபோங்கள், மூலப்பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.