இரண்டு தெருவுக்கும் வாசல்

புதுக்கோட்டையில் வீடு தேடுவது சுலபம். நடுவில் நான்கு ராஜ வீதிகள். அவற்றைச் சுற்றி கீழ 2ஆம் வீதி, வடக்கு 3ஆம் வீதி என எண் வரிசையில் தெருக்கள். முனை வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசலும் கதவிலக்கமும் இருந்தால், எந்த முகவரிக்குக் கடிதம் போட்டாலும் அதே வீட்டுக்குத்தான் வந்து சேரும். கணினியின் நெட்வொர்க் கார்டையும் அப்படி முனை வீடாக்கலாம்.

192.168.0.25 என்பது ஒரு கணினியின் ஐபி முகவரி என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று எண்கள் தெரு. கடைசி எண் கதவிலக்கம். தெரு எதுவரை என்று வரையறுப்பது சப்நெட் மாஸ்க். கடைகளிலும் வீடுகளிலும் பெரும்பாலும் அது 255.255.255.0.

சிசிடிவி பொருத்துகிறவர்களுக்கு இரண்டாவது முகவரியின் அருமை தெரியும். ஹிக்விஷன் கேமராக்கள் பலவும் 192.168.1.64 என்ற முகவரியோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. கடைக் கணினியோ 192.168.0 தெருவில் இருக்கிறது. இரண்டும் ஒரே சுவிட்சில், கேபிளிலும் குறையில்லை, ஆனாலும் கேமரா திறக்காது. அது வேறு தெரு என்று கணினி முடிவுகட்டித் தகவலை ரவுட்டரிடம் தள்ளிவிடும். ரவுட்டருக்கு அந்தத் தெருவே தெரியாது. புதுக் கார்டு வாங்க வேண்டியதில்லை. இருக்கும் கார்டுக்கே 192.168.1.50 என்று இரண்டாவது முகவரி கொடுத்தால் கேமரா திறந்துவிடும். அதன் முகவரியைக் கடையின் வரிசைக்கு மாற்றிவிட்டு, இரண்டாவதை நீக்கிவிடலாம்.

விண்டோஸில் கார்டின் ஐபி அமைப்பில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குள் போனால் 'ஆட்' பொத்தான் இருக்கும். ஆனால் முதல் முகவரியைத் தானாகப் பெறும்படி விட்டிருந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது; முதலில் அதைக் கையால் எழுதி நிலைப்படுத்த வேண்டும். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை போதும், அப்படிச் சேர்த்த முகவரி கணினியை அணைத்துப் போட்டால் மறைந்துவிடும். தற்காலிக வேலைக்கு அதுவே வசதி.

இது எப்படி நடக்கிறது? கார்டோடு பிறந்தது 48 பிட் மேக் முகவரி மட்டுமே. ஐபி முகவரி இயங்குதளம் வைத்திருக்கும் பட்டியலில் ஒரு வரி. இன்னொரு வரி எழுதத் தடையில்லை. "192.168.1.50 யார்?" என்று கேமரா கேட்டாலும், "192.168.0.25 யார்?" என்று ரவுட்டர் கேட்டாலும், கணினி அதே மேக் முகவரியைத்தான் பதிலாகச் சொல்லும். 1982இல் வகுக்கப்பட்ட ஏஆர்பி நெறிமுறை இது.

1990களில் ஒரே கார்டுக்குப் பல முகவரி என்பது பிழைப்புக்கே தேவைப்பட்டது. ஒரே சர்வரில் பத்து இணையதளம் நடத்தப் பத்து முகவரி வேண்டியிருந்தது. எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசரே பெயர் சொல்லிக் கேட்கும் முறையை 1997இல் எச்டிடிபி 1.1 கட்டாயமாக்கியது, மொத்தமே சுமார் 430 கோடி முகவரி கொண்ட ஐபிவி4க்கு அது மூச்சுவிட இடம் தந்தது. ஐபிவி6இலோ இணையத்தில் இருக்கும் கார்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி இருப்பதே வழக்கம். உங்கள் கைப்பேசியிலும் இருக்கலாம்.

முகவரி எத்தனை சேர்த்தாலும் கேட்வே, அதாவது வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் முகவரி, ஒன்றே போதும். இரண்டு கொடுத்தால் குழப்பம்தான். இன்னொன்று: கணக்கு எழுதும் கணினிக்கு ஒரு வரிசை, வாடிக்கையாளர் வைஃபைக்கு வேறு வரிசை என்று வைத்துவிட்டு, இனிப் பத்திரம் என்று நம்புகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே சுவிட்சில் இருந்தால் அது வேலியே அல்ல. வந்தவர் தன் லேப்டாப்பில் இரண்டாவது முகவரி சேர்த்தால் உள்ளே வந்துவிடுவார். உண்மையான வேலிக்கு, ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலேன் வசதியுள்ள சுவிட்சுக்குச் செலவழிக்க வேண்டும்.